சுவருக்கு அந்தப் பக்கம் காலி அறை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது எனக்கு நடந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கோ, சித்தப்பாவின் நண்பருக்கோ நடந்ததில்லை. நான் குடிப்பவன் இல்லை. தூக்கத்தில் நடக்கும் வியாதியும் கிடையாது. நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. 'காற்றாக இருக்கும், குழாய்ச் சத்தமாக இருக்கும்' என்று பாடம் எடுக்க வருபவர்கள் மட்டும் தயவுசெய்து வரவேண்டாம். அந்தப் பாடத்தை நானே எனக்கு எடுத்துக்கொண்டேன். அதன் பலனைத்தான் இப்போது அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் சுவரில் படம் வரைபவன். வீட்டுக்குள் பூவும் பறவையும் வரைகிற வேலை இல்லை. நாலு மாடி, அஞ்சு மாடி உயரச் சுவர்கள்.

எங்கள் ஊரின் நடுப்பகுதி பத்து வருடமாகச் செத்துக் கிடந்தது. கடைகள் மூடி, ஷட்டர்கள் துருப்பிடித்து, ஏழு மணிக்கு மேல் நாய்கூட நடமாடாது. அதற்கு உயிர் கொடுக்கிறோம் என்று ஒரு திட்டம் வந்தது. பெயரே புத்துயிர்த் திட்டம். பழைய வீடுகளை இடித்துவிட்டுப் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு, அதற்கு முன்னால் ஒரு பெரிய சதுக்கம், சதுக்கத்தில் உட்காரவே முடியாத வடிவத்தில் நாலு கல் பெஞ்சு. ஓரத்தில் ஒரு பழைய விடுதி இருந்தது. நான்கு மாடி. குடும்பம் இல்லாத தனி ஆட்கள் மாத வாடகைக்கு இருந்த இடம். அதை மட்டும் உடனே தொடவில்லை. எட்டு மாதம் கழித்து, இரண்டாம் கட்டத்தில், உள்ளே மாற்றிக் கட்டி வீடுகளாக்கப் போவதாகச் சொன்னார்கள். அதுவரை அதன் அவலட்சணம் புது வீடு பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது. அதனால் சதுக்கத்தைப் பார்த்திருந்த ஜன்னல்களை எல்லாம் செங்கல் வைத்து அடைத்து, மேலே பூசி, சுவரை ஒரே பலகையாக ஆக்கினார்கள். அந்தப் பலகையில் வரைய என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஏழு முகம். எல்லாம் இந்த ஏரியா ஜனங்க. எல்லாரும் சிரிக்கணும்," என்றார் திட்ட அதிகாரி. ஐம்பது வயது அம்மா. பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் போனைப் பார்த்துப் பேசுகிறவர்.

"ஏரியா ஜனங்களைத்தான் காலி பண்ணி அனுப்பியாச்சே மேடம்?"

"போட்டோ இருக்குல்ல? அது போதும்."

வாயை மூடிக்கொண்டேன். காரணம் இருந்தது. புதுக் குடியிருப்பில் கலைஞர்களுக்கென்று ஒரு வீடு ஒதுக்கியிருந்தார்கள். மூன்றாம் மாடி. இரண்டு படுக்கையறை. திறப்பு விழாவுக்குள் சுவர் முடிந்தால் அந்தச் சாவி எனக்கு. ஒரு நாள் பிந்தினாலும் பட்டியலில் அடுத்து இருக்கிற சிற்பிக்கு. கையில் இருந்தது பதினான்கு நாள்.

அப்போது நாங்கள் என் மச்சான் வீட்டு மொட்டை மாடியில், ஒரே அறையில் இருந்தோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள். ஆறு வருடம். மச்சான் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. ஆனால் எங்கள் அறையில் விளக்கு எரிந்தால் கீழிருந்து ஒரு பெருமூச்சு கேட்கும். அந்தப் பெருமூச்சைக் கேட்டுக்கேட்டு என் மனைவி இருட்டிலேயே சாப்பாடு போடப் பழகிவிட்டாள்.

எனக்கும் மச்சானுக்கும் ஒரே ஒரு சண்டைதான் வந்தது. ஸ்ப்ரே டப்பாவுக்குப் பெயிண்டைப் பீச்சுகிற புது மூடி மாட்டினால், அடைப்பு இருக்கிறதா என்று எங்காவது ஒரு முறை அடித்துப் பார்ப்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். சிலர் கோடு போடுவார்கள். எனக்குக் கை தானாக வட்டம் போடும். உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டம், கடைசியில் கை ஒரு நொடி நின்றுவிடுவதால் அடியில் இரண்டு சொட்டு வழியும். படிக்கட்டில், தண்ணீர்த் தொட்டியில், கடைசியாக மச்சானின் புதுக் கேட்டில்.

"ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா? எங்க அண்ணன் கேட்டு உங்களுக்கு ஸ்லேட்டா?" என்று மனைவி கத்தினாள். அப்புறம் அவளே சிரித்துவிட்டாள். "பாரு, வட்டம் அழுவுது," என்றாள்.

போட்டது நினைவே இருக்காது எனக்கு. அதுதான் பழக்கம் என்பது.

வேலை தொடங்குவதற்கு முதல் நாள் காலையில் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் என்னை விடுதிக்குள் கூட்டிப்போனார். புதுப் பூச்சும் பழைய சுவரும் வண்ணத்தை ஒரே மாதிரி குடிக்காது, ஜன்னல் இருந்த இடங்கள் எனக்குத் தெரிய வேண்டும். உள்ளே மின்சாரம் இல்லை. டார்ச் அடித்துக்கொண்டு நடந்தோம். வரிசையாகக் கதவுகள். எல்லாவற்றிலும் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி. சிலவற்றில் அதன் மேல் பச்சை வட்டம்.

"பெருக்கல்னா சாமான் இருக்கு. வட்டம்னா பார்த்தாச்சு, காலி. வட்டம் இருந்தா கதவை மூடித் தகரம் அடிச்சிடுவாங்க. எங்க ஆளுங்களுக்கு அதுக்கு மேல மூளைக்கு வேலை கொடுக்கக்கூடாது," என்றார். கீழே ஒருவன் பச்சைப் பெயிண்டும் பிரஷுமாக உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் மாடியில் அவருக்கு போன் வந்தது. பத்து நிமிடம் பேசினார். நான் ஒரு கதவோரமாக நின்று, பையைத் திறந்து, டப்பாக்களுக்குப் புது மூடி மாட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் இறங்கிவிட்டோம்.

மறுநாள் பகலில் மிச்ச அறைகளுக்கும் தகரம் அடித்தார்கள். அன்று இரவு என் வேலை தொடங்கியது.

இரவில்தான் செய்ய முடியும். எதிரே புரொஜெக்டர் வைத்து, படத்தை ஒளியாகச் சுவரில் விழச்செய்து, அந்த ஒளிக்கோட்டின் மேலேயே கரியால் வரைந்துகொண்டு போக வேண்டும். இருட்டு இல்லாமல் அது நடக்காது. நீண்ட இரும்புக் கையின் நுனியில் ஒரு கூடையை வைத்து ஆளைத் தூக்குகிற வண்டி வாடகைக்கு வந்திருந்தது. அதை நிறுத்தவும் இரவு பதினொன்றிலிருந்து காலை ஐந்து வரைதான் அனுமதி. வண்டியை ஓட்டுகிறவர் என்னைவிடப் பெரியவர். கூடை மேலே போனதும் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். தூங்குமூஞ்சி அண்ணன் என்றே கூப்பிடுவேன், கோபித்துக்கொள்ள மாட்டார்.

முதல் இரவு. மணி 1.52. கூடை மூன்றாம் மாடி உயரத்தில் இருந்தது. மூன்றாவது முகம் அங்கேதான். ஒரு தையல்கார அம்மா. அவர் காது மடலை வரைந்துகொண்டிருந்தேன்.

டொக்... டொக்... டொக்...

கையை எடுத்தேன். நின்றது. கரியை வைத்தேன்.

டொக்... டொக்... டொக்...

"அண்ணே! கீழ எதையாவது தட்டுறீங்களா?"

தூக்கக் கலக்கத்தில் பதில் வந்தது. "நான் எதுக்குத் தம்பி தட்டணும்? நீ பாட்டுக்கு வரை."

குழாய் என்று நினைத்துக்கொண்டேன். பழைய கட்டடம், ராத்திரி குளிரில் இரும்பு சுருங்கும். நல்ல விளக்கம். ஆனால் குழாய் நான் கரியை எடுக்கும்போது நிற்காது. அது எனக்கு அப்போதே தெரியும்.

காலையில் சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

"தண்ணி லைனே இல்ல பெயிண்டரே. போன மாசமே கட் பண்ணியாச்சு."

"அப்ப என்ன சத்தம் சார்?"

"எலி."

"எலி எண்ணித் தட்டுமா?"

கையில் இருந்த பட்டியலைப் புரட்டினார். "நீ சொல்ற இடம் இருபத்தேழாம் ரூம். வட்டம் இருக்கு, காலி. தகரமும் அடிச்சாச்சு. உனக்குச் சந்தேகம்னா பிரிக்கச் சொல்றேன். தகரம் அறுக்கற ஆளு வரணும், போலீஸ்ல சொல்லணும், ரெண்டு நாள் உன் வேலை நிக்கும். மேடம்கிட்ட நீயே பேசிக்க."

இரண்டு நாள். மனதுக்குள் கணக்குப் போட்டேன். இரண்டு நாள் போனால் ஏழாவது முகம் முடியாது. ஏழாவது முகம் முடியாவிட்டால் சாவி சிற்பிக்கு.

"வேண்டாம் சார்," என்றேன்.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொல்லவில்லை. நான்தான் வேண்டாம் என்றேன்.

இரண்டாம் இரவு. மணி 2.10.

டொக்... டொக்... டொக்... டொக்...

இந்த முறை காதைச் சுவரில் வைத்தேன். பூச்சு ஐஸ் மாதிரி இருந்தது. உள்ளே இன்னொரு சத்தமும் கேட்டது. நகத்தால் சுவரைப் பிறாண்டுகிற சத்தம். சர்ர்ர்... சர்ர்ர்...

வாயைச் சுவரோடு ஒட்டி வைத்துக் கேட்டேன்.

"யாராவது இருக்கீங்களா?"

பிறாண்டல் நின்றது.

டொக்.

ஒரே தட்டு.

"யாரு?"

மளமளவென்று பத்துப் பதினைந்து தட்டு. பிறகு அமைதி. குரல் இல்லை. மூச்சு இல்லை. ஒரு மனிதன் உள்ளே இருந்தால் கத்தமாட்டானா? 'காப்பாத்துங்க' என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டானா? ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியாது, வாய் தானாகக் கேட்டது.

"உயிரோட... இருக்கியா?"

டொக்.

"பேயா?"

டொக்... டொக்.

"போயிடு. போயிடு இங்கருந்து."

டொக்... டொக்.

கூடையை எப்படி இறக்கினேன் என்றே தெரியவில்லை. அண்ணனை உலுக்கி எழுப்பிச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

"பழைய லாட்ஜு. எத்தனை பேரு தூக்குப் போட்டிருப்பான், எத்தனை பேரு மருந்து குடிச்சிருப்பான். பேச்சுக் கொடுக்காத தம்பி. கொடுத்தா ஒட்டிக்கும்."

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நானும் அதை இறுகப் பிடித்துக்கொண்டேன். பேய் என்றால் பயப்பட்டால் போதும். ஆள் என்றால் தகரத்தைப் பிரிக்க வேண்டும். பேய் என்று நம்புவது எனக்கு அவ்வளவு வசதியாக இருந்தது. அன்று விடியற்காலை வீட்டுக்குப் போனபோது மனைவி வாசலிலேயே கேட்டாள், "முடிச்சிடுவீங்கல்ல?" முடித்துவிடுவேன் என்றேன்.

மூன்றாம் இரவு காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஏறினேன். சத்தமாக வைத்தேன். கேட்கவில்லை. ஆனால் இடது கையைச் சுவரில் ஊன்றித்தான் வரைய முடியும். காதில் பாட்டு ஓடியது, உள்ளங்கையில் தட்டு ஏறியது. நேற்றைவிட மெதுவாக. இரண்டு தட்டு, நீண்ட இடைவெளி, ஒரு தட்டு. அது தளர்ந்துபோவது எனக்குத் தெரிந்தது. தளரட்டும் என்றுதான் நினைத்தேன்.

மணி 3.34. எரிச்சல் தலைக்கேறியது. முஷ்டியால் சுவரை ஓங்கிக் குத்தினேன்.

"சும்மா இரு! சும்மா இருன்னு சொல்றேன்ல!"

நின்றது.

அப்புறம் தட்டவே இல்லை. நான்காம் இரவு அமைதி. ஐந்தாம் இரவும் அமைதி. அதட்டினால் பேய்கூட அடங்கும் என்று அண்ணனிடம் பெருமை அடித்துக்கொண்டேன். கோடுகள் முடிந்தன. வண்ணம் ஆரம்பித்தேன்.

இதுவரை சொன்னதற்கெல்லாம் பிற்பாடு விளக்கம் கிடைத்தது. இனிமேல் சொல்லப்போவதற்கு இல்லை.

ஆறாம் இரவு. கீழே இருந்து பெரிய விளக்குகள் அடித்துக்கொண்டிருந்தன, சுவர் பட்டப்பகல் மாதிரி இருந்தது. மணி 2.10. தையல்கார அம்மாவின் கன்னத்துக்குப் பழுப்பு அடித்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்தது பழுப்பு டப்பா. பச்சை டப்பா கூடையின் மூலையில், தட்டில், மேல்மூடி கழற்றாமல்.

ஸ்ஸ்ஸ்ஸ்...

என் கை இல்லை. நான் அழுத்தவில்லை.

ஸ்ஸ்ஸ்ஸ்...

புதுப் பெயிண்ட் வாடை மூக்கில் ஏறியது. நிமிர்ந்தேன். அம்மாவின் காதுக்குக் கீழே, சுவரில், ஒரு பச்சை வட்டம். உள்ளங்கை அகலம். அடியில் இரண்டு சொட்டு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல வழிந்தது.

துணியால் துடைத்தேன். போனது. துணியை எடுத்தேன். மறுபடி இருந்தது.

கூடையை மேலே ஏற்றினேன். நாலாம் மாடி தாண்டி, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் வரை. அதற்குப் பின்னால் அறை கிடையாது. ஆகாயம்தான்.

டொக்.

இடப்பக்கம் திருப்பினேன். கட்டடத்தின் விளிம்பு. முழுக் கான்கிரீட் தூண்.

டொக்.

சுவரை விட்டு விலகினேன். ஆறடி. பத்தடி. கூடை அந்தரத்தில் நின்றது. சுற்றிலும் காற்று. சுவர் என்னைத் தொட முடியாத தூரத்தில் இருந்தது.

மூச்சு விட்டேன்.

டொக்.

காலுக்கு அடியில்.

கூடையின் இரும்புத் தளத்தில். கீழே இருந்து மேலே.

கீழே நாற்பது அடி வெறும் காற்று.

"அண்ணே... அண்ணே..." குரல் வரவில்லை.

இறங்குகிற பொத்தானை அழுத்தினேன். கூடை நகரவில்லை. மறுபடி அழுத்தினேன். பீப்... பீப்... பீப்... சிவப்பு விளக்கு. அதிக ஆள் ஏறினால் அடிக்கிற மணி. இரண்டு பேர் நிற்கக்கூடிய கூடைதான். ஆனால் இரவில் ஒற்றை ஆள் அளவுக்கே அதைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

நான் ஒருவன்தான் இருந்தேன்.

"விட்டுடு... என்னை விட்டுடு..."

டொக்... டொக்.

கூடை ஒரு பக்கம் சாய்ந்தது. என் பக்கம் இல்லை. எதிர்ப்பக்கம்.

டப்பாக்கள் அந்தப் பக்கம் உருண்டன.

ஏதோ ஒன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து நிற்பது மாதிரி.

என் முகத்தைப் பார்ப்பது மாதிரி.

அசையவில்லை நான். கண்ணையும் மூடவில்லை. மூடினால் கிட்ட வந்துவிடும் என்று தோன்றியது.

2.11... 2.20... 2.35...

2.40க்கு மணிச் சத்தத்தில் அண்ணன் எழுந்து கீழிருந்தே கூடையை இறக்கினார். திட்டிக்கொண்டே இறக்கினார். "யாரைய்யா கூட ஏத்துன? எடை பாரு!" வண்டியில் எடை காட்டுகிற சின்னத் திரை இருக்கிறது. நானும் என் சாமானும் சேர்ந்து எப்போதும் 88 கிலோ. அதில் 137 என்று இருந்தது.

பையை, டப்பாக்களை எல்லாம் தூக்கி வெளியே எறிந்துவிட்டுக் குதித்தேன். கூடையில் ஒரு துரும்பு இல்லை. இரண்டு பேரும் திரையைப் பார்த்தோம்.

49.

இருவரும் சதுக்கத்தின் நடுவில், அந்தக் கல் பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். ஐந்து மணிக்கு வெளிச்சம் வந்தபோது திரையில் பூஜ்யம் இருந்தது. எப்போது மாறியது என்று இருவரும் பார்க்கவில்லை.

வேலையை விட்டேனா? இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இல்லை. மறுநாள் இரவும் ஏறினேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். அண்ணனை ஒரு நிமிடம் தூங்கவிடாமல், கத்திக்கத்திப் பேசிக்கொண்டே முடித்தேன். அந்தப் பச்சை வட்டத்தின் மேல் மூன்று முறை பழுப்பு அடித்தேன். மூன்று முறையும் காலையில் எட்டிப் பார்த்தது. கடைசியில் அதைத் தையல்கார அம்மாவின் தோடாக மாற்றிவிட்டேன்.

திறப்பு விழாவில் திட்ட அதிகாரி முதல் முறையாகப் போனை விட்டுக் கண்ணை எடுத்தார். "அந்தப் பச்சைத் தோடு இருக்கு பாருங்க, அதுலதான் உயிரே இருக்கு," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். சாவியை வாங்கியபோது மனைவி அழுதாள். அன்று ராத்திரி எங்கள் புது வீட்டில் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த நிமிடம் நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன்.

எட்டு மாதம் கழித்து இரண்டாம் கட்டம் தொடங்கியது. விடுதியின் தகரங்களை அறுத்தார்கள்.

இரண்டாம் நாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து எனக்கு அழைப்பு.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். இருபத்தேழாம் அறையில் ஒருவர் இறந்துகிடந்தார். குடை ரிப்பேர் செய்கிறவர், அறுபது வயது, தனி ஆள். ஜன்னலை அடைத்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். சாமானை எடுத்துக்கொண்டு போக ஒரே ஒரு ராத்திரி திரும்பி வந்தவர், மாத்திரை மயக்கத்தில் தூங்கியிருக்கிறார். காலையில் தகரம் அடித்துவிட்டார்கள். அத்தனை துளைபோடும் சத்தத்தில் இவர் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை.

"கத்தியிருக்கலாமே சார்?" என்றேன்.

"தொண்டையில ஆபரேஷன் பண்ணவரு. பேச்சு வராது. அங்க இருந்தவங்க எல்லாருக்கும் தெரியுமாம். ஏதாவது கேட்டா மேசையில தட்டுவாரு. ஒரு தட்டுன்னா ஆமா. ரெண்டு தட்டுன்னா இல்ல."

நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"மத்ததெல்லாம் எழுதிக் காட்ட ஒரு நோட்டு வச்சிருந்தாரு. இருட்டுல எழுதியிருக்காரு. வரி மேல வரி. உங்களைப் பத்தித்தான்னு நினைக்கிறேன். படிங்க."

படித்தேன். மனப்பாடமாக இருக்கிறது.

'வெளியே ஆள் இருக்கிறான். வண்டிச் சத்தம். தட்டினேன்.'

'இன்று பேசினான். இருக்கிறாயா என்றான். உயிரோடு இருக்கிறாயா என்றான். ஆமாம் என்றேன். போய் ஆள் கூட்டி வருவான்.'

'வரவில்லை.'

'வந்தான். தட்டினேன். சுவரைக் குத்தினான். சும்மா இரு என்றான்.'

அதற்குக் கீழே பக்கம் முழுக்கக் கிறுக்கல். அடியில், தெளிவாக, கடைசி வரி.

'ஒரு தடவை அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.'

நோட்டுக்குள் ஆஸ்பத்திரி அட்டை ஒன்று செருகியிருந்தது. வெளியே விட்ட தேதி, மருந்து, எடை. எடையைப் பார்த்ததும் அட்டையை மூடிவிட்டேன். 49 கிலோ.

"இன்னொண்ணு," என்றார் இன்ஸ்பெக்டர். ஒரு போட்டோவை என் பக்கம் நகர்த்தினார். "அந்த ரூம் கதவு. தகரத்தை எடுத்தப்புறம் எடுத்தது. கான்ட்ராக்டர் ஆளுங்க பிரஷ்ல வட்டம் போடறவங்க, பெருசா இருக்கும். இது ஸ்ப்ரேல போட்டது. நாங்க போடலன்னு சத்தியம் பண்றாங்க. யாரு போட்டிருப்பாங்கன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

சிவப்புப் பெருக்கல் குறி. அதன் ஓரத்தில் ஒரு பச்சை வட்டம். உள்ளங்கை அகலம்.

அடியில் இரண்டு சொட்டு.

மூன்றாம் மாடி. போன் பேசிய சூப்பர்வைசர். கதவோரமாக நின்று மூடி மாட்டிய நான்.

"தெரியாது சார்," என்றேன்.

வீடு போய்விடும் என்ற பயம். வேறொன்றும் இல்லை. அவரை இருமுறை கொன்றேன் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள். அந்தப் பொய்யைச் சொல்லி இன்றோடு பதினேழு நாள்.

அன்று ராத்திரியிலிருந்து 2.10க்கு எங்கள் படுக்கையறைச் சுவரில் கேட்கிறது. அது வெளிச்சுவர். அந்தப் பக்கம் மூன்று மாடி உயரத்துக்கு வெறும் காற்று. மனைவிக்குக் கேட்பதில்லை. நான் ஒன்றும் கேட்பதில்லை, அதனால் அதுவும் பதில் சொல்வதில்லை. சும்மா தட்டுகிறது. முன்புபோலத் தளர்ந்து இல்லை.

ஸ்ப்ரே டப்பா எல்லாவற்றையும் மூட்டை கட்டி மச்சான் வீட்டு மாடியில் போட்டுவிட்டேன். பதினேழு நாளாக ஒன்றைக்கூடத் தொடவில்லை.

இன்று காலை மகள் பள்ளிக்கூடம் கிளம்பினாள். கதவைத் திறந்து வெளியே போனவள், அப்படியே திரும்பி உள்ளே வந்தாள்.

"அப்பா, நம்ம வீட்டுக் கதவுல எதுக்கு வட்டம் போட்டீங்க?"

விரலை நீட்டிக் காட்டினாள். நுனியில் பச்சை. ஈரம் இன்னும் காயவில்லை.